பூஜைச் செடிக்கு எந்த நீர்?

திருப்பத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வாசக அன்பர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். எழுபது வயதைக் கடந்த அம்மையார். வீட்டின் பின்புறம் சிறிய பூந்தோட்டம் வைத்திருக்கிறார். நாள்தோறும் பூஜைக்கு அங்கிருந்துதான் பூ. இவ்வாண்டு மாசி மாதமே கிணறு அடிமட்டத்திற்குப் போய்விட்டதாம். “அரிசி களைந்த நீரைத் துளசிக்கும் வில்வத்திற்கும் ஊற்றலாமா? மருமகள் ஊற்றலாம் என்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தெய்வத்திற்குப் போகிற செடிக்குக் கழுநீரை ஊற்றுவது அபசாரம் ஆகாதா?” என்று கேட்டிருக்கிறார்.

ஒரே வரியில் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே கேள்வி 2019-ஆம் ஆண்டுக் கோடையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. அப்போது அதற்கு விடை காண எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஆகவே சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

சென்னை நங்கநல்லூரில் எங்கள் வீடு. ஒரு கிரவுண்டு மனை. கட்டடம் போக மிஞ்சிய இடத்தில் என் தாயார் வைத்த வில்வ மரம் ஒன்று, மூன்று அரளி, இரண்டு நந்தியாவட்டை, ஐந்தாறு செம்பருத்தி, ஒரு பவழமல்லி, பந்தலில் முல்லை, தொட்டிகளில் ரோஜா, மாடத்தில் துளசி. கொல்லையில் ஒரு தென்னையும் சில வாழைகளும் உண்டு. வங்கிப் பணியில் இருந்தவரை இவற்றில் எது எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகுதான் விடியற்காலையில் பூக்குடலையுடன் தோட்டத்திற்குள் போகும் பழக்கம் வந்தது. அந்த அரைமணி நேரம் எனக்குக் கோவிலுக்குப் போய்வந்தது போலவே இருக்கும்.

2019-இல் சென்னைக்கு என்ன நேர்ந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால் வந்த வினை அது. ஆறு மாதத்திற்கும் மேலாக நகரில் சொல்லும்படியாக மழை இல்லை. எங்கள் கிணற்றில் பங்குனி தொடக்கத்திலேயே வாளி சேற்றைத் தட்டியது. ஆழ்துளைக் கிணற்றில் முதலில் துருவாடை வீசும் உப்பு நீர் வந்தது. சித்திரையில் அதுவும் நின்று, குழாய் வெறும் காற்றை இருமியது. பிறகு லாரித் தண்ணீர்தான். பதிவு செய்துவிட்டுப் பத்து நாள், பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். தனியார் லாரிக்காரர்கள் கேட்ட விலையோ வாரத்திற்கு வாரம் ஏறிக்கொண்டே போனது.

இத்தனைக்கும் நடுவில் நான் தோட்டத்திற்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை. பூஜைச் செடிகள் ஆயிற்றே, இவற்றைக் காய விடுவது பாவம் என்பது என் எண்ணம். லாரி வந்து தரைத்தொட்டி நிரம்பியதும் முதல் வேலையாக ரப்பர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

வைகாசியில் ஒரு நாள். முதல் நாள் இரவுதான் லாரி வந்து போயிருந்தது. காலை ஐந்தரை மணி இருக்கும். அரளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையில் துணி தேய்த்துக் கொடுக்கும் பெண்மணி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு காலிக் குடங்களுடன் வாசற்கதவருகே நின்றார். தெருமுனையில் குடிநீர் வாரியம் வைத்திருந்த கறுப்புத் தொட்டிக்கு மூன்று நாளாக லாரி வரவில்லையாம்.

“ஐயா, ரெண்டு குடம் தண்ணி கிடைக்குமா?”

உள்ளே போய்க் குடிநீரிலிருந்து எடுத்துத் தரலாம் என்று திரும்பினேன். அதற்குள் அவர், “அதெல்லாம் வேணாம்யா, செடிக்கு ஊத்தற தண்ணியே போதும்” என்றார்.

அதில் குத்தலோ கோபமோ இல்லை. நம்மைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற மரியாதை மட்டுமே இருந்தது. குடங்களை நிரப்பிக் கொடுத்தேன். அவர் போய்விட்டார். நான் குழாயை மூடிவிட்டு அரளியின் அடியில் தேங்கியிருந்த நீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று குடம் நீராவது அங்கே தேங்கியிருக்கும்.

அன்று என் துணைவியார் பூக்குடலையை வாங்கிப் பூஜையறை வாசலில் வைத்துவிட்டு, “என்னங்க, இந்தப் பூவை இன்றைக்கு எப்படி வைப்பது?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பூவை வைத்தோம், வைக்காமல் என்ன செய்வது? ஆனால் அன்றே இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். லாரித் தண்ணீர் மனிதர் குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் மட்டுமே. அதில் ஒரு சொம்பு நீர்கூடச் செடிக்குப் போகாது. தெருமுனைத் தொட்டிக்கு லாரி வராத நாட்களில், வாசலில் வந்து கேட்பவர்க்கு இரண்டு குடம் வீதம் தருவது. செடிகள் வீட்டில் ஏற்கெனவே ஒரு முறை பயன்பட்ட நீரில் பிழைத்தால் பிழைக்கட்டும்.

முடிவு எடுப்பது எளிதாக இருந்தது. அடுத்த நாளே திருப்பத்தூர் அம்மையாரின் கேள்வி எங்களுக்கும் வந்துவிட்டது. பயன்படுத்திய நீரை வில்வத்திற்கு ஊற்றலாமா?

எங்கள் பக்கத்துச் சிவாலயத்தின் அர்ச்சகர் வயதானவர், நிதானமானவர். அவரிடம் போய்க் கேட்டேன். அக்னி நட்சத்திர நாட்கள் அவை. கருவறையில் சிவலிங்கத்திற்கு மேலே தாராபாத்திரம் கட்டியிருந்தார்கள். அடியில் சிறு துளையிட்ட பாத்திரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் திருமேனியில் விழுந்துகொண்டிருந்தது. அவர் என்னை வெளியே அழைத்து வந்து, அபிஷேக நீர் கோமுகி வழியாக வெளியேறும் இடத்தைக் காட்டினார். அங்கே நாலைந்து வாழைகளும் ஒரு நந்தியாவட்டையும் செழித்து நின்றன. “எச்சில் படக்கூடாது. அழுக்குத் துணி அலசியதாக இருக்கக்கூடாது. மற்றபடி மண்ணுக்குள் போன நீரை மண் சுத்தம் செய்து கொடுத்துவிடும். எரு போட்ட மண்ணில் வளர்ந்த பூவைத்தானே பகவானுக்குச் சாத்துகிறோம்?” என்றார். பசுஞ்சாணத்தை உரமாக இட்டபோது எனக்கு வராத சந்தேகம், அரிசி களைந்த நீரைக் கண்டதும் வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. இது அவர் கருத்து. உங்கள் குல வழக்கம் வேறாக இருந்தால் உங்கள் ஆசாரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அனந்தாழ்வானின் நினைவாகவே இருந்தது. ராமாநுஜரின் கட்டளையை ஏற்றுத் திருமலைக்குச் சென்று வேங்கடவனுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்தவர். நந்தவனம் வைக்க வேண்டும் என்று போனவர், முதலில் கடப்பாரையைத்தான் கையில் எடுத்தார். நீருக்காக ஏரி வெட்டினார். கருவுற்றிருந்த மனைவி மண் சுமந்தாள். உதவிக்கு வந்த சிறுவனைத் தம் கைங்கர்யத்தில் பங்கு கேட்கிறானே என்று கோபித்துக் கடப்பாரையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டதும், பிறகு சந்நிதியில் பெருமாளின் மோவாயில் ரத்தம் கண்டு பதறியதும், அங்கே பச்சைக் கற்பூரம் சாத்தப்படுவதும் நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை. திருமலையில் மகாத்துவாரத்தருகே அந்தக் கடப்பாரையை இன்றும் காணலாம். அந்தக் கதையைச் சிறுவயது முதல் மோவாய்க்காகவே கேட்டு வந்திருக்கிறேன். பூவுக்கு முன்னால் நீரைத் தேடியவர் அவர் என்பது அந்தக் கோடையில்தான் என் கண்ணில் பட்டது.

நான் ஏரி வெட்டவில்லை; ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்தேன். முப்பத்தைந்து ஆண்டு பற்றும் வரவும் எழுதிய கை, வேறென்ன செய்யும்? வீட்டில் நாங்கள் இருவர். அரிசி, பருப்பு களைந்த நீர் 4 லிட்டர். காய்கறி கழுவிய நீர் 3 லிட்டர். பூஜைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்த பின் இரண்டாம் முறை அலசிய நீர் 3 லிட்டர். படுக்கையறைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து இரவில் சொட்டும் நீர் 8 லிட்டர். ஆக, வரவு 18 லிட்டர். முன்பு ரப்பர்க் குழாயால் நான் விட்டது நாளொன்றுக்கு முந்நூறு லிட்டருக்குக் குறையாது.

இந்த நீர்களைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். அரிசி களைந்த நீரை அன்றன்றே ஊற்றிவிட வேண்டும். மறுநாள் வரை வைத்தால் புளித்து நாறும், எறும்பும் வரும். கீரை, காய்களை உப்பும் மஞ்சளும் போட்டு அலசும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த உப்பு நீர் செடிக்கு ஆகாது. குளிர்சாதனப் பெட்டியின் நீரைப் பலர் வீணாக்குகிறோம். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீரானது அது, உப்பு இல்லாதது, தொட்டிச் செடிக்கு மிக நல்லது. ஆனால் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கழித்துவிடும் நீர் அதற்கு நேர்மாறானது. நீரிலிருந்த உப்பெல்லாம் அதில் சேர்ந்துதான் வெளியே வருகிறது. அதைத் துளசிக்கு ஊற்றி, இலை நுனி கருகி, மண் மேல் வெள்ளை பூத்ததைப் பார்த்த பிறகே எனக்கு விஷயம் விளங்கியது. வீடு துடைக்க அது போதும். குளித்த நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் மட்டும் திருப்பிவிட்டோம். அதற்காகச் சோப்பை விட்டுவிட்டுச் சீயக்காய்க்கும் பயத்தமாவுக்கும் மாறினோம். என் துணைவியாருக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி. இருபது ஆண்டுகளாக அவர் சொல்லி நான் கேட்காதது அது.

பதினெட்டு லிட்டரில் எல்லாச் செடியும் பிழைக்காது. எதை விடுவது? வங்கியில் கடன் தள்ளுபடிப் பட்டியலில் கையெழுத்திட்டபோதுகூட இவ்வளவு தயங்கியதில்லை. ரோஜாத் தொட்டிகளை, கொஞ்சம் நீர் வசதி இருந்த உறவினர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். செம்பருத்தி தண்ணீர் குறைந்ததும் மாவுப்பூச்சிக்கு இடம் கொடுத்துவிடுகிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டோம். பவழமல்லி இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்றது. அதை அதன் போக்கில் விட்டோம். முல்லைதான் பெரும் வேதனை. அது என் துணைவியார் திருமணமாகி வந்த ஆண்டில் என் தாயார் அவர் கையால் நட வைத்த கொடி. பந்தல் முழுவதும் படர்ந்த கொடிக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. “விட்டுவிடுங்கள்” என்று அவரே சொன்னார். அதன் பிறகு அந்தப் பந்தல் பக்கம் அவர் சில நாள் போகவில்லை.

மிஞ்சியவற்றுக்குப் பங்கீடு இப்படி: வில்வத்திற்கு 4 லிட்டர், செம்பருத்திக்கு 4, நந்தியாவட்டை இரண்டுக்கும் 6, அரளி மூன்றுக்கும் 3, துளசித் தொட்டி இரண்டுக்கும் 1. கணக்கு நேராகிவிட்டது. அரளி இதற்கும் குறைவாகவே கேட்டது. அதைப் போலப் பொறுமையான செடி வேறில்லை.

ஊற்றும் முறையில்தான் பெரிய மிச்சம் கிடைத்தது. அர்ச்சகரைப் பார்க்கப் போனபோது கண்ட தாராபாத்திரம் மனத்தில் நின்றுவிட்டது. மண்கலயங்கள் நான்கு வாங்கி, அடியில் ஆணியால் துளையிட்டு, பருத்தித் துணியைத் திரித்துத் துளையில் செருகினேன். வில்வம், செம்பருத்தி, நந்தியாவட்டை ஆகியவற்றின் தூரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கழுத்தளவு மண்ணில் புதைத்தேன். கலயத்தில் ஊற்றிய நீர் திரி வழியாக மெதுவாகக் கசிந்து நேரே வேருக்குப் போகிறது; மேல்மண் நனைந்து வெயிலில் ஆவியாவதில்லை. வாயை மறவாமல் மூடிவிட வேண்டும்; இல்லாவிட்டால் கொசு பெருகும். திரி அடைத்துக்கொண்டால் எடுத்து அலசிப் போட வேண்டும். அரிசி நீர் ஊற்றும் கலயத்தில் இது அடிக்கடி நேரும்.

மூடாக்கும் அவ்வளவு முக்கியம். தேங்காய் மட்டைகளை நார்ப்பக்கம் மேலே இருக்கும்படி தூரைச் சுற்றிப் புதைத்து, அதன்மேல் சருகைப் பரப்பினோம். பூஜையில் கழித்த நிர்மாலியப் பூக்களை எங்கே போடுவது என்ற கவலையும் இதனால் தீர்ந்தது. கால் படாத வில்வத்தடியில் அவை பரவிக் கிடந்து, ஈரத்தையும் காத்து எருவாகவும் ஆயின. துளசிக்கு மட்டும் தண்டை ஒட்டி மூடாக்குப் போடக் கூடாது, அழுகிவிடும். அதற்கு நான்கு குச்சி நட்டு, என் பழைய வேட்டி ஒன்றைப் பந்தலாகக் கட்டினேன். பதினொரு மணி முதல் நான்கு மணி வரையிலான வெயில் மட்டும் தடைப்பட்டால் போதும். துளசியின் கதிர்களை முற்றவிடாமல் கிள்ளிவிட வேண்டும். முற்றிய கதிர் இரண்டை எடுத்து விதையைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டால், தாய்ச் செடி போனாலும் கவலையில்லை. கடும் வெயிலில் கவாத்து செய்வதும் உரம் இடுவதும் வேண்டாம். வாடிய செடிக்கு உரமிட்டு ஒன்றைக் கொன்றேன். அது எது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நம் வயதினருக்கு இன்னொன்று. நிறைந்த வாளியைத் தூக்காதீர்கள். ஒரு லிட்டர் சொம்பால் பலமுறை நடந்து ஊற்றுங்கள். விடியுமுன் ஊற்றுவது செடிக்கு நல்லதுதான். ஆனால் இருட்டில் ஈரத்தரையில் நடக்க வேண்டாம். வெளிச்சம் வரட்டும், வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம்.

பூக்குடலை பாதி நிறைந்தது. பிறகு கால் பாகம். சில நாள் வெறும் ஐந்து நந்தியாவட்டை. கடையில் வாங்கலாமே என்றால், அந்தப் பூவும் எங்கோ ஒரு கிணற்று நீர்தானே என்று என் துணைவியார் மறுத்துவிட்டார். வில்வத்திற்கும் துளசிக்கும் பழையது என்ற தோஷம் இல்லை என்பது பெரியோர் வழக்கு. உலர்ந்தாலும் அர்ச்சனைக்கு ஆகும். வில்வத்தை அலசி மறுபடியும் சாத்தலாம். இந்த விதியைச் சிறுவயதில் கேட்டபோது ஏதோ சலுகை என்று நினைத்திருந்தேன். வறட்சியைப் பலமுறை கண்ட ஊரார் வகுத்த வழி அது என்று இப்போது தோன்றுகிறது. ஒவ்வொரு நாமத்திற்கும் ஒரு பூ என்றிருந்த அஷ்டோத்திரத்தை அட்சதையால் செய்து, கடைசி நாமத்திற்கு ஒரே ஒரு பூவை வைப்போம். அந்த ஒரு பூவை நாங்கள் பார்த்த அளவுக்கு, அதற்கு முன் குடலை நிறைய இருந்த பூக்களில் எதையும் பார்த்ததில்லை.

கோவில்களில் வருண ஜபம் நடந்தது. அண்டாக்களில் நீர் நிரப்பி அதில் அமர்ந்து வேத விற்பன்னர்கள் ஜபித்தார்கள். நாங்களும் போய்க் கைகூப்பி நின்றோம். ஜூன் 20 அன்று நகரில் முதல் மழை பெய்தது. மண் வாசனை வந்த அளவுக்கே பெய்தது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதே மாதம் முதல் தேதியிலிருந்து, நாற்பது ஆண்டு நீருக்குள் சயனித்திருந்த காஞ்சி அத்தி வரதர் வெளியே எழுந்தருளி அருள்பாலித்துக்கொண்டிருந்தார். நீர் இல்லாத ஆண்டில் நீரிலிருந்து எழுந்தவர் என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மழை நன்றாகப் பிடித்த பிறகு கொல்லையில் மழைநீர் சேகரிப்புக் குழியைத் திறந்து பார்த்தேன். 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது கட்டியது. மாடியிலிருந்து வரும் குழாய் சரியாகத்தான் இருந்தது. குழிக்குள் சேறும், அழுகிய இலையும், ஒரு கிழிந்த பந்தும் இருந்தன. பதினாறு ஆண்டுகளில் ஒரு முறைகூட நான் அதைத் தூர்வாரவில்லை. மாடியில் விழுந்த மழையெல்லாம் இத்தனை ஆண்டும் நிரம்பி வழிந்து தெருச் சாக்கடைக்குப் போயிருக்கிறது. வேறு யாரையும் குறைசொல்ல வழியில்லை. ஆள் வைத்து வாரி, கருங்கல் ஜல்லியும் மணலும் புதிதாக நிரப்பினோம். இப்போது ஆண்டுதோறும் ஆவணி பிறந்ததும் அதைத் திறந்து பார்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

வில்வம் பிழைத்தது. அரளியும் நந்தியாவட்டையும் பிழைத்தன. பவழமல்லி புரட்டாசியில் துளிர்த்தது. துளசி ஒன்று போயிற்று. மடித்து வைத்த விதையிலிருந்து அதற்குப் பதில் ஐந்து வந்தன. முல்லை துளிர்க்கவில்லை. ஐப்பசி வரை காத்திருந்து கொடியை அறுத்தோம். அடுத்த ஆண்டு, துணி தேய்க்கும் அந்தப் பெண்மணி தம் சொந்த ஊர் போய்த் திரும்பியபோது ஒரு முல்லைப் பதியன் கொண்டுவந்து, “அம்மா, பந்தல் சும்மா கிடக்குதே” என்று என் துணைவியாரிடம் கொடுத்தார். அது இப்போது பந்தலில் பாதி தூரம் ஏறியிருக்கிறது. இந்தக் கோடைக்கு அதன் பக்கத்திலும் ஒரு கலயம் புதைத்தாயிற்று.

திருப்பத்தூர் அம்மையாருக்கு: உங்கள் பக்கத்திலிருந்துதான் அன்று எங்களுக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அரிசி களைந்த நீரைத் தாராளமாக ஊற்றுங்கள். புளிக்குமுன், வெயில் ஏறுமுன். துளசித் தொட்டிக்கு அரை லிட்டர் போதும். மருமகளிடம் நான் சொன்னதாகவும் சொல்லுங்கள்.